எது அசல்? பழம்பெரும் கார்களின் அடையாளச் சிக்கல்

புதுதில்லி:

ஐம்பது ஆண்டுகளைக் கடந்திருக்க வேண்டும். அசல் வடிவிலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். பெரிய அளவிலான மாற்றங்களுக்கு உள்ளாகியிருக்கக் கூடாது. ஒரு காரையோ மோட்டார் சைக்கிளையோ 'விண்டேஜ்' வாகனம் என்று அரசு ஏற்பதற்கு, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகள் கூறும் நிபந்தனைகள் இவை. முதல் நிபந்தனையைச் சரிபார்க்கப் பழைய பதிவுச் சான்று ஒன்று போதும். மற்ற இரண்டையும் யார், எதை வைத்து, எப்படிச் சரிபார்ப்பது என்ற கேள்வி இன்றும் தீராமல் நிற்கிறது.

வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு பற்றிய சிறு விஷயமாக இது தோன்றலாம். ஆனால் இதில் மூன்று பொது நலன்கள் அடங்கியுள்ளன. முதலாவது, நாட்டின் தொழில்நுட்ப, சமூக வரலாற்றின் சான்றுகளாக எஞ்சியுள்ள பொருள்களைக் காப்பது. இரண்டாவது, கடத்தி வரப்பட்ட வாகனமும் திருடப்பட்ட வாகனமும் பாரம்பரியத்தின் பெயரால் சட்டபூர்வ அந்தஸ்து பெறுவதைத் தடுப்பது. மூன்றாவது, அரசு வழங்கும் சான்றிதழின் நம்பகத்தன்மை. இம்மூன்றும் ஒரே இடத்தில் மோதிக்கொள்வது பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில்தான். காரணம் எளிது: விலை உயர்ந்தால், அசலைப் போலச் செய்வதற்கான ஆசையும் உயர்கிறது.

விதி சொல்வது என்ன?

2021 விதிகளின்படி, விண்டேஜ் பதிவு கோருபவர் காப்பீட்டு ஆவணம், உரிய கட்டணம், இறக்குமதி வாகனமாயின் சுங்கத் துறையின் இறக்குமதிச் சீட்டு, இந்தியாவில் ஏற்கெனவே பதிவானதாயின் பழைய பதிவுச் சான்று ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். 60 நாள்களுக்குள் மாநிலப் பதிவு அதிகாரி சான்று வழங்க வேண்டும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். மறுபதிவுக்கு 5 ஆயிரம் ரூபாய். பழைய பதிவு எண் உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி வரிசை எண் ஒதுக்கப்படும். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ இந்த வாகனங்களைச் சாலையில் ஓட்ட இயலாது.

தலைநகரில் இந்தச் சான்றுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இலும், 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கு எதிராக 2015-இலும் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இவற்றுக்கு வலுச் சேர்த்தது. 2025-இல் புதிய தலைமுறை வாகனங்களுக்குச் சில தளர்வுகள் கிடைத்தாலும், பழைய வாகனங்களின் நிலை மாறவில்லை. ஆக, தில்லியில் 60 வயதான ஒரு கார், அரசின் பார்வையில் ஒன்று பாரம்பரியச் சின்னம், இல்லையேல் பழைய இரும்பு. இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு தாள். அந்தத் தாளில் உள்ளவை பெரும்பாலும் இரண்டு எண்கள்: சேசிஸ் எண், என்ஜின் எண்.

எண்கள் பேசும் மொழி

இந்த இரண்டு எண்கள் எவ்வளவு சொல்லும், எங்கே மௌனமாகிவிடும் என்பதற்கு ஜாகுவார் இ-டைப் காரைப் போன்ற நல்ல உதாரணம் கிடையாது. 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான இந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1974 வரை 72 ஆயிரத்துக்கும் அதிகமான எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. இதன் கடைசி வரிசையில் வந்தவையும் இப்போது ஐம்பது வயதை எட்டிவிட்டதால், இந்திய விதியின் வயது நிபந்தனையை எல்லா இ-டைப்புகளும் நிறைவு செய்கின்றன. இதன் தயாரிப்பு நிறுவனமான ஜாகுவார், 2008 முதல் டாடா மோட்டார்ஸ் வசம் உள்ளது என்பதும் குறிப்பிடத்தக்கது.

முதல் வரிசை இ-டைப்பில் வலப்புற ஸ்டியரிங் கொண்ட திறந்த காரின் சேசிஸ் எண் 850001 எனத் தொடங்கும். அதே அமைப்பில் மூடிய கூரை கொண்டவை 860001-இல் தொடங்கும். இடப்புற ஸ்டியரிங் கொண்ட திறந்த கார்கள் 875001 என்றும், மூடியவை 885001 என்றும் தொடங்கும். 3.8 லிட்டர் என்ஜினின் எண்ணுக்கு முன்னால் 'ஆர்' என்ற எழுத்தும், 1964-இல் வந்த 4.2 லிட்டர் என்ஜினுக்கு '7இ' என்ற குறியும் இருக்கும். என்ஜின் எண்ணின் இறுதியில் வரும் 8 அல்லது 9, அழுத்த விகிதத்தைக் குறிக்கும். உடற்கூட்டுக்குத் தனி எண் உண்டு: திறந்த காருக்கு 'ஆர்', மூடிய காருக்கு 'வி'. கியர்பெட்டிக்கும் தனி எண் உண்டு.

இந்த இலக்கணம் தெரிந்தவருக்குப் பல செய்திகள் உடனே புலப்படும். சேசிஸ் எண் 875 என்று தொடங்கி, ஸ்டியரிங் வலப்புறம் இருந்தால், இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். திறந்த கார் என்று விற்கப்படுவதில் உடற்கூட்டு எண் 'வி' என்றிருந்தால், கூரையை அறுத்தெடுத்த கார் அது. இத்தகைய மாற்றம் எல்லாம் மோசடி ஆகிவிடாது. மாற்றியதைச் சொல்லாமல் மறைப்பதே மோசடி.

ஆனால் எண் எழுதப்பட்டிருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். இ-டைப்பின் நடுப்பகுதி தனிச் சட்டம் இல்லாத ஒற்றைக் கூடு. முன்பகுதியில் என்ஜினைத் தாங்குவது போல்ட் போட்டு இணைத்த குழாய்ச் சட்டம். சேசிஸ் எண் பொறிக்கப்பட்டிருப்பது அந்த முன்சட்டத்தின் குறுக்குப் பகுதியில். குழாய்கள் உட்புறமாகத் துருப்பிடிப்பதால், பாதுகாப்புக் கருதி அச்சட்டத்தைப் புதிதாக மாற்றுவது உலகெங்கும் வழக்கமான பழுதுபார்ப்பு வேலை. அதாவது, காரின் அடையாளமாகச் சட்டம் ஏற்கும் எண், கழற்றி மாற்றக்கூடிய ஒரு பாகத்தில் இருக்கிறது. நேர்மையான உரிமையாளர் முன்சட்டத்தை மாற்றினால் எண்ணை மறுபடி பொறித்தாக வேண்டும். நேர்மையற்றவர் இறந்துபோன ஒரு காரின் முன்சட்டத்தை வாங்கி, வேறொரு காரில் பொருத்திவிடலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேசிஸ் எண் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரதியில், இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

உலோகமும் சாட்சி சொல்லும்

எனவே அனுபவமுள்ள ஆய்வாளர்கள் ஒரே எண்ணை நம்புவதில்லை. விவரத் தகடு, முன்சட்டம், என்ஜினின் அடிப்பகுதி, சிலிண்டர் தலை, கியர்பெட்டி, உடற்கூடு ஆகியவற்றில் உள்ள எண்களைத் தனித்தனியே குறித்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். இ-டைப்பில் என்ஜின் எண் அடிப்பகுதியிலும் சிலிண்டர் தலையிலும் என இரு இடங்களில் பொறிக்கப்பட்டது. இரண்டும் ஒன்றாக இருந்தால் நம்பிக்கை கூடுகிறது; வேறாக இருந்தால் விளக்கம் கேட்கப்படுகிறது. விவரத் தகட்டுக்கு மட்டும் அதிக மதிப்புக் கிடையாது. புதிய தகடும் பழைய பாணி ரிவிட்டும் சந்தையில் கிடைப்பவை.

அடுத்தது, பொறித்த எழுத்தின் உருவம். தொழிற்சாலை பயன்படுத்திய அச்சின் எழுத்துரு, இடைவெளி, ஆழம் ஆகியவற்றை அதே காலத்துப் பிற கார்களோடு ஒப்பிடுவார்கள். பழைய எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டுப் புதியதைப் பொறித்திருந்தால், தடய அறிவியல் உதவுகிறது. எண்ணைப் பொறிக்கும்போது விழும் அடி, மேற்பரப்பின் கீழே உள்ள உலோகத்தின் படிக அமைப்பையும் நசுக்குகிறது. மேலே தேய்த்தாலும் கீழே அந்தத் தழும்பு எஞ்சியிருக்கும். செப்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால், நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்பட்டு, அழிந்த எண் மங்கலாக மேலெழும். திருட்டு வாகன வழக்குகளில் தடய அறிவியல் ஆய்வகங்கள் கையாளும் முறைதான் இது.

எண் இல்லாத பாகங்களுக்கும் நாக்கு உண்டு. லூகாஸ் நிறுவனத்தின் டைனமோ, டிஸ்டிரிபியூட்டர் போன்ற மின் பாகங்களில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். டிரிப்ளெக்ஸ் கண்ணாடியின் முத்திரையில் உள்ள சிறு புள்ளிகள் தயாரிப்புக் காலத்தைச் சொல்லும். 1962-இல் பிறந்ததாகச் சொல்லப்படும் காரில் எல்லாப் பாகங்களும் 1966-ஐக் காட்டினால், கேள்வி எழுவது இயல்பு. வண்ணப் பூச்சின் அடுக்குகளும் அப்படியே. கதவின் உட்புறம், டாஷ்போர்டின் பின்புறம் போன்ற மறைவான இடங்களில், முதல் பூச்சின் நிறம் பல ஆண்டுகளுக்குப் பின்னும் எஞ்சியிருக்கும்.

இறுதியாக, பிறந்த இடத்துப் பதிவேடு. ஜாகுவார் கார்களுக்கு, பிரிட்டனில் உள்ள ஜாகுவார் டெய்ம்லர் பாரம்பரிய அறக்கட்டளை, தொழிற்சாலைப் பேரேடுகளைப் பார்த்துச் சான்று வழங்குகிறது. கார் வெளியேறிய தேதி, அனுப்பப்பட்ட இடம், சேசிஸ், என்ஜின், உடற்கூடு, கியர்பெட்டி எண்கள், முதல் நிறம், இருக்கை உறையின் நிறம் ஆகிய விவரங்கள் அதில் இருக்கும். ஆனால் இச்சான்று சொல்வது, அந்த எண்ணில் எத்தகைய கார் பிறந்தது என்பதை மட்டுமே. இப்போது கண்முன் நிற்பது அதே கார்தானா என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியவை, பிறப்புக்குப் பின் வந்த ஆவணங்கள்.

லண்டன் நீதிமன்றம் காட்டிய வழி

ஒரு காரின் பாகங்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்தால், எந்தக் கட்டத்தில் அது வேறு காராகிறது? தத்துவ வகுப்பறைக்கு உரியதாகத் தோன்றும் இக்கேள்வி, 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தின் முன்பு ஒரு கோடி பவுண்டு மதிப்புள்ள வழக்காக வந்து நின்றது.

'ஓல்டு நம்பர் ஒன்' என்று அழைக்கப்படும் பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார், பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளும் வென்றது. இரு முறையும் அதை ஓட்டியவர்களில் ஒருவர் வூல்ஃப் பர்னாட்டோ. பின்னர் அந்தக் கார் மாற்றியமைக்கப்பட்டு, 8 லிட்டர் என்ஜின் பொருத்தப்பட்டது. 1932-இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி, அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். மீண்டும் கட்டப்பட்ட கார், மூடிய கூரையுடன் சாலைப் பயன்பாட்டுக்கு வந்தது. பிற்காலத்தில் அதன் உரிமையாளர் அதைப் பந்தயக் கால வடிவத்துக்குத் திருப்பினார். ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் ஆனது. ஆனால் வாங்க வந்த நிறுவனம், இது உண்மையான 'ஓல்டு நம்பர் ஒன்' அன்று என்று கூறிப் பின்வாங்கியது.

வழக்கை விசாரித்த நீதிபதி ஆட்டன் முன் வைக்கப்பட்ட சாட்சியங்கள், 1929-இல் வென்ற காரின் பாகங்கள் அநேகமாக எதுவும் எஞ்சவில்லை என்றே காட்டின. 1930-இன் காரிலிருந்தும் மிகச் சில பாகங்களே மிஞ்சியிருந்தன. எனவே அந்தக் காரை 'அசல்' என்று அழைக்க இயலாது என்று நீதிபதி கருதினார். அதே சமயம், அது போலியோ நகலோ அன்று என்றும் தீர்மானித்தார். ஒவ்வொரு மாற்றமும் அந்தக் காரின் வாழ்க்கையில் வரிசையாக, பதிவுகளுடன் நிகழ்ந்தது. அந்தப் பெயருக்கு உரிமை கோரும் வேறொரு கார் உலகில் இல்லை. அறுபது ஆண்டுகளின் தொடர்ச்சி எங்கும் அறுபடவில்லை. ஆகவே அது உண்மையான 'ஓல்டு நம்பர் ஒன்' என்பதே தீர்ப்பு. விற்பனை ஒப்பந்தம் செல்லும் என்றானது.

இந்தத் தீர்ப்பின் சாரம், அடையாளமும் அசல்தன்மையும் இரு வேறு விஷயங்கள் என்பது. ஒரு கார் அதே காராக இருந்துகொண்டே, அசல் பாகங்களை இழந்திருக்கலாம். மறுபுறம், எல்லாப் பாகங்களும் அந்தக் காலத்துப் பாகங்களாகவே இருந்தும், பல கார்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததாக இருக்கலாம். முன்னதற்கு வரலாறு உண்டு, பின்னதற்கு இல்லை. இந்திய விதியோ இந்த இரண்டையும் 'அசல் வடிவம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டது.

இந்தியாவின் தனி வரலாறு

அந்தச் சொல்லால் இந்தியக் கார்களுக்கு இழைக்கப்படும் அநீதியைப் புரிந்துகொள்ள, இங்கே அவை வாழ்ந்த வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். சுதந்திரத்துக்கு முன் சமஸ்தானங்களின் மன்னர்கள் உலகின் தலைசிறந்த கார்களை வரவழைத்தார்கள். இந்தூர் மகாராஜா இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கரின் டியூசன்பெர்க், புகாட்டி கார்கள் இன்றும் உலகச் சேகரிப்பாளர்களிடையே பேசப்படுபவை. சமஸ்தானங்கள் இணைந்தன. 1971-இல் 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் மன்னர் மானியமும் ஒழிந்தது. பராமரிக்க இயலாத கார்கள் கைமாறின. பல நாட்டை விட்டே வெளியேறின. விண்டேஜ் கார்களின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதிப்பதற்கு முன்பே, சிறந்தவற்றில் கணிசமானவை போய்விட்டன.

இன்னொரு வழியிலும் ஸ்போர்ட்ஸ் கார்கள் இங்கே வந்தன. இறக்குமதி கிட்டத்தட்ட மூடப்பட்டிருந்த உரிம ஆட்சிக் காலத்தில், தில்லியின் தூதரகங்களில் பணியாற்றிய வெளிநாட்டவர் தங்கள் கார்களுடன் வந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற கார்கள், 1956-இல் தொடங்கப்பட்ட அரசு வர்த்தகக் கழகத்தின் மூலம் உள்நாட்டவருக்கு விற்கப்பட்டன. சாணக்கியபுரியிலிருந்து வெளியேறிய அத்தகைய கார்களுக்கு, அந்தக் கழகத்தின் விற்பனைக் கடிதமே இந்தியப் பிறப்புச் சான்று.

வந்த கார்களுக்கு உதிரிபாகம் வரவில்லை. அந்நியச் செலாவணி இல்லாத நாட்டில், உடைந்த ஒரு பிஸ்டனுக்காக இறக்குமதி உரிமம் வாங்குவது நடவாத காரியம். காஷ்மீரி கேட் கடைகளிலும் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையிலும் கிடைத்ததைக் கொண்டு மெக்கானிக்குகள் வழி கண்டார்கள். அம்பாசிடரின் என்ஜின் வெளிநாட்டுக் கார்களுக்குள் ஏறியது. ஜீப்பின் கியர்பெட்டி பொருந்தியது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், பெட்ரோலை விழுங்கும் பெரிய கார்கள் சிலவற்றுக்கு டீசல் என்ஜின் பொருத்தப்பட்டது. அன்று அப்படிச் செய்திராவிட்டால், அந்தக் கார்கள் எப்போதோ உருக்காலைக்குப் போயிருக்கும்.

2020 நவம்பரில் வெளியான வரைவு விதிகள், பெரிய மாற்றம் என்பது சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் செய்யப்படும் மாற்றங்களையும் உள்ளடக்கும் என்று விளக்கின. இந்த அளவுகோலை எழுத்துக்கு எழுத்து கையாண்டால், உயிர் பிழைப்பதற்காக என்ஜின் மாற்றிக்கொண்ட கார் தகுதி இழக்கும். கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்ததும் நினைவுகூரத்தக்கது. இன்றைய சாலைப் பாதுகாப்பை மனத்தில் கொண்டு பிறந்த அந்த நெறி நியாயமானது. அதை 1960-களில் பற்றாக்குறையின் விளைவாக நடந்த மாற்றத்தின் மீது அப்படியே ஏற்றுவது பொருந்துமா என்பதுதான் சிந்திக்க வேண்டியது.

பிரிட்டனில் நீண்ட காலம் பின்பற்றப்பட்ட ஒரு முறை இங்கே ஒப்பிடத்தக்கது. பெரிதும் மாற்றப்பட்ட வாகனம் தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ள, எட்டுப் புள்ளிகள் பெற வேண்டும் என்பது விதி. அசல் சேசிஸுக்கு 5 புள்ளிகள். சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பெட்டி, ஸ்டியரிங் ஆகியவற்றுக்குத் தலா 2. என்ஜினுக்கு 1 மட்டுமே. என்ஜின் மாறுவது ஒரு காரின் வாழ்வில் இயல்பானது என்பதை அந்த முறை ஒப்புக்கொண்டது. 2025 ஆகஸ்டில் பிரிட்டன் அந்த விதிகளை மேலும் தளர்த்தியது. உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமும், காலப்போக்கில் நேர்ந்த மாற்றங்கள் வாகனத்தின் வரலாற்றில் ஒரு பகுதி என்றும், செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது.

தாள் விலை பேசும்போது

தளர்த்தினால் போதும் என்று சொல்லிவிடவும் முடியாது. பயன்படுத்திய வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்தால், காரின் விலையைவிட வரி அதிகம். எனவே இந்தியப் பதிவுடன் கூடிய பழைய காரின் சான்றுக்கே தனி மதிப்பு உண்டு. கார் என்றோ துருப்பிடித்து மறைந்திருக்கலாம். அதன் பதிவுப் புத்தகம் மட்டும் ஒரு மேசை இழுப்பறையில் உயிரோடு இருக்கும். அந்தப் புத்தகத்தைக் கடத்தி வந்த வேறொரு காருக்குப் பொருத்திவிட்டால், வரி ஏய்ப்பும் நடந்துவிடுகிறது, 'பாரம்பரியமும்' பிறந்துவிடுகிறது.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை நடத்திய 'நும்கோர்' நடவடிக்கையில் பல சொகுசு வாகனங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. பூட்டான் வழியாகக் கொண்டுவரப்பட்டு, போலி ஆவணங்களின் அடிப்படையில் இந்தியாவில் பதிவு பெற்றவை என்பது சுங்கத் துறையின் குற்றச்சாட்டு. அவை விண்டேஜ் வாகனங்கள் அல்ல. ஆயினும் ஒரு மாநிலத்தில் போலித் தாளில் பிறக்கும் வாகனம், அடுத்த மாநிலத்தில் கேள்வியின்றி உலவ முடியும் என்ற பலவீனத்தை அந்த விவகாரம் வெளிச்சமிட்டுக் காட்டியது. ஐம்பது ஆண்டுப் பழமையும் சேர்ந்துவிட்டால் சரிபார்ப்பது இன்னும் கடினம்.

கடினத்துக்குக் காரணம், பதிவேடுகளின் நிலை. மோட்டார் வாகனச் சட்டங்கள் 1914, 1939, 1988 என மூன்று தலைமுறைகளைக் கண்டவை. இடையில் மாநில எல்லைகள் மாறின, பதிவு எழுத்துகள் மாறின, அலுவலகங்கள் பிரிந்தன. ஒரு காரின் முதல் பதிவு பழைய பம்பாய் மாகாணத்திலும், இரண்டாவது தில்லியிலும், மூன்றாவது ஹரியாணாவிலும் இருக்கலாம். இன்றைய 'வாகன்' கணினித் தொகுப்பில் பழைய வாகனங்களின் விவரம், காகிதப் பேரேட்டிலிருந்து பின்னாளில் ஏற்றப்பட்டதாகவே இருக்கும். ஏற்றும்போது சேசிஸ் எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும், உண்மையான கார் ஆவணப்படி அனாதையாகிவிடும். அதே ஓட்டை வழியாகப் போலியும் உள்ளே நுழையும். ஒரே பிழை நேர்மையானவரைத் தண்டித்து, நேர்மையற்றவருக்கு வாசல் திறந்துவிடுகிறது.

செய்ய வேண்டியவை

முதலில், விதியில் அடையாளத்தையும் அசல்தன்மையையும் பிரிக்க வேண்டும். இந்தக் கார் அதே கார்தானா என்பதற்குத் தனிச் சோதனை; அதில் எவ்வளவு அசல் எஞ்சியுள்ளது என்பதற்குத் தனிக் குறிப்பு. முதல் சோதனையில் தோற்றால் பதிவு கூடாது. அதில் சமரசத்துக்கு இடமில்லை. இரண்டாவதில் குறை இருந்தால், அதைச் சான்றிலேயே எழுதிவிடலாம்: என்ஜின் மாற்றப்பட்டது, முன்சட்டம் புதியது, நிறம் அசலன்று என. மறைக்க வேண்டிய தேவை ஒழிந்தால், உரிமையாளர்களே உண்மையைச் சொல்ல முன்வருவார்கள்.

இரண்டாவதாக, ஆய்வு பென்சில் பிரதியுடன் முடியக் கூடாது. நல்ல நிலையில் ஓடுகிறதா என்று பார்ப்பது மோட்டார் வாகன ஆய்வாளரின் பணி. 1962-இன் எழுத்துருவையும் லூகாஸ் முத்திரையையும் படிப்பது வேறு பயிற்சி. தில்லியில் 1964 முதல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் பழைய கார் அணிவகுப்பு நடந்துவந்துள்ளது. குருகிராமை அடுத்த தாவடுவில் பாரம்பரியப் போக்குவரத்து அருங்காட்சியகம் 2013-இல் திறக்கப்பட்டது. இத்தகைய முயற்சிகள் வளர்த்த அறிவு நாட்டில் இருக்கிறது. தடய அறிவியல் ஆய்வகங்களும் இருக்கின்றன. சந்தேகம் எழும் வாகனங்களில் இவ்விரண்டையும் பதிவு அதிகாரி நாடுவதைக் கட்டாயமாக்கலாம்.

மூன்றாவதாக, பழைய பேரேடுகளைக் காக்க வேண்டும். மாநில அலுவலகங்களில் உள்ள 1989-க்கு முந்தைய பதிவேடுகளைப் படமெடுத்து, மூலப் பக்கத்தையே ஆய்வாளர் பார்க்கும் வகை செய்தால், தட்டச்சுப் பிழைகளின் ஆதிக்கம் ஒழியும். அரசு வர்த்தகக் கழகத்தின் கார் விற்பனை ஆவணங்களும், சுங்கத் துறையின் பழைய இறக்குமதிச் சீட்டுகளும் இதே தொகுப்பில் சேர வேண்டியவை. ஒரு பிரிட்டிஷ் அறக்கட்டளையால் 1961-இல் ஒரு கார் எந்த நாளில், எந்த நிறத்தில் வெளியேறியது என்று இன்று சொல்ல முடிகிறது. அந்தக் கார் இந்தியாவில் வாழ்ந்த ஆண்டுகளின் கதையைச் சொல்லக்கூடியவை நம் அலுவலக அலமாரிகளில் மட்டுமே உள்ளன.

1972-இன் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி, வரலாற்று முக்கியத்துவம் கொண்ட ஒரு பொருள் நூறு ஆண்டுகளைக் கடந்தால் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வர இயலும். 1920-களில் இந்தியாவுக்கு வந்த கார்கள் ஒவ்வொன்றாக அந்த வயதை எட்டத் தொடங்கிவிட்டன. ஒரு சிலை எந்தக் கோயிலைச் சேர்ந்தது என்று நிறுவப் பழைய புகைப்படமும் ஆவணமும் இல்லாமல் எத்தனை முறை தடுமாறியிருக்கிறோம் என்பதை நாடு அறியும். கார்கள் விஷயத்தில் அந்தத் தடுமாற்றம் தேவையில்லை. எண்கள் உள்ளன, பேரேடுகள் உள்ளன, அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். காகிதங்களைக் கரையான் முடிப்பதற்குள் போக்குவரத்து அமைச்சகமும் மாநில அரசுகளும் கைகோத்துச் செயல்பட வேண்டும்.